அம்மாவின் பதினாறு ஸ்பிரிங்குகள்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஐந்து வாரங்கள் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பாட்டு மேசையை அம்மாவுடைய காரின் எஞ்சின் தலை பிடித்துக்கொண்டிருந்தது. பழைய நாளிதழை விரித்து, அதன்மேல் அப்பாவின் கைலி ஒன்றை மடித்துப் போட்டு, நடு மேசையில் அதை வைத்திருந்தார் அம்மா. அப்பா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் ஊரார் சொல்லிக்கொண்டிருந்ததால் அவருக்கு மிச்சம் எதுவும் இருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீடு மலேசியாவில், ஈஜோக் என்னும் சிற்றூரில், தோட்டத்தை விற்றபோது லயங்களில் குடியிருந்த தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அப்பாவுக்குச் செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கிற வேலை. அம்மாவுக்குக் கோல சிலாங்கூரில், எஞ்சின் தலைகளைச் சீர்செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் வேலை. பத்தொன்பது வயதில் அங்கே கூட்டிப் பெருக்கவும் தே ஓ என்னும் கடுந்தேநீர் கலக்கவும் போய்ச் சேர்ந்தவர். வால்வு கடைகிறவர் ஒரு வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போக, அம்மா அந்த இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாராம். அதன்பிறகு அந்த ஆள் திரும்பி வந்தும் அவருக்கு அங்கே இடம் இருக்கவில்லை.

நான் சொல்லும் சம்பவம் நடந்தபோது அம்மா அந்த இயந்திரத்தின் முன்னால் பதினேழு வருடம் நின்று முடித்திருந்தார். ரவாங்கிலிருந்தும் பத்தாங் காலியிலிருந்தும் எஞ்சின் தலைகள் அந்தக் கடையைத் தேடி வந்தன. "தவுக்கே கை ராசியான கை" என்று வாடிக்கையாளர்கள் சொல்லிக்கொண்டார்கள். முதலாளியை நாங்கள் எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் முன்னால் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அம்மா ஒரு தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்றிருப்பார். தவுக்கே கெட்டவர் இல்லை. தன் கை ராசிதான் காரணம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை நான் அந்தக் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பிரகாஷ் என்பவர் ஒரு எஞ்சின் தலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வரிசை தள்ளிக் குடியிருந்தவர், டயர் கடையில் வேலை செய்தவர், சனி ஞாயிறுகளில் கால் மைல் ஓட்டப் பந்தயத்தில் கார் விடுகிறவர். அவருடைய தங்கை தர்ஷினி என் வகுப்பில்தான் படித்தாள். பிரகாஷ் தவுக்கேயிடம் மலாயில் பேசினார். எல்லாம் பேசி முடித்துவிட்டு, பின்னால் இருக்கும் அந்த அக்கா மட்டும் இதைத் தொடக் கூடாது என்றார். பிறகு நான் உட்கார்ந்திருப்பதைக் கவனித்து என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. இது ரேஸ் எஞ்சின். ரசம் வைக்கற வேலை இல்ல."

தவுக்கே சிரித்துக்கொண்டே அந்தத் தலையை வாங்கி, வழக்கம்போல் தகரத் தடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் அம்மாவின் மேசையில் வைத்தார். பெரியவர்களின் உலகம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் அது நடக்கவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தலையைத் தானே தூக்கி வந்து, கல்லா மேசையில் பிரகாஷின் முன்னால் வைத்தார்.

"தம்பி சொன்னது எனக்குக் கேட்டுச்சு. தகரத்துக்கு காது இல்ல, எனக்கு இருக்கு. நான் தொடல. நீங்களே பாத்துக்குங்க."

பிரகாஷ் தலையைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா அப்பாவிடம் சொன்னார், பத்தாங் காலிப் பக்கம் மோட்டார் கிளப் நடத்தும் கால் மைல் ஓட்டத்துக்குத் தானும் பெயர் கொடுக்கப் போவதாக. அப்பா, "ஹெல்மெட்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மாவின் கார் ஒரு பழைய ஆயிரத்து அறுநூறு சிசி உள்ளூர் கார். தினமும் வேலைக்குப் போவது அதில்தான். என்னைப் பள்ளியில் இறக்கிவிடுவதும் அதில்தான். அதன் எஞ்சின் தலைதான் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. அந்த ஐந்து வாரமும் எங்கள் மூவருக்கும் அப்பாவின் மோட்டார் சைக்கிள்தான்.

காற்று உள்ளே போகவும் புகை வெளியே வரவும் எஞ்சின் தலையில் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவைதாம் வால்வுகள். அம்மாவின் எஞ்சினில் பதினாறு. கேம் தண்டு சுற்றிச் சுற்றி, ராக்கர் என்னும் சிறு கைகளால் அவற்றை அமுக்கித் திறக்கும். திறந்த கதவைத் திரும்ப இழுத்துச் சாத்துவது ஸ்பிரிங்கின் வேலை. ஸ்பிரிங்கின் உச்சியில் தொப்பிபோல உட்கார்ந்து அதை வால்வோடு சேர்த்துப் பிடிப்பதற்கு ரீடெய்னர் என்று பெயர். எஞ்சின் மிக வேகமாகச் சுற்றும்போது சாதாரண ஸ்பிரிங்கால் கதவைச் சமயத்துக்குச் சாத்த முடியாது. வால்வு மிதக்கிறது என்பார்கள். மிதந்தால் வேகம் போகும். அதிகம் மிதந்தால் எஞ்சினே போகும். அதனால் ஓட்டத்துக்கு என்று கார் தயார் செய்கிறவர்கள் முதலில் மாற்றுவது ஸ்பிரிங்கையும் ரீடெய்னரையும்தான்.

எதை வாங்குவது என்பதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தது.

தலையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அம்மாவின் காரில் கிள்ளானுக்கு, அந்தச் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைக்காரர் ஒரு வெள்ளி நிறப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்புப் பஞ்சில் பதினாறு டைட்டேனியம் ரீடெய்னர்கள், நீலமும் ஊதாவும் கலந்த ஒரு பளபளப்போடு, நகைக்கடையில் தோடு அடுக்கியதுபோல் இருந்தன. பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங்குகள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஓட்டம் விடுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார் விற்பனைக்காரர். அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பொருத்தும் உயரத்தில் எத்தனை கிலோ அமுக்கம் என்று கேட்டார்.

"ரொம்ப ஸ்ட்ராங் லா, அக்கா."

"ஸ்ட்ராங்குன்னா எத்தன கிலோ?"

அவருக்குத் தெரியவில்லை. அதனால், கார் யாருடையது என்று வேறு கேள்வி கேட்டார். "உங்க வீட்டுக்காரரு காடியா?"

"அவருக்கு மோட்டார் சைக்கிள்" என்றார் அம்மா.

கடைசியில் அம்மா வாங்கியது ஒரு சாதா அட்டைப் பெட்டி. உள்ளே ஒற்றை ஸ்பிரிங்குகள், அடியில் அகன்று மேலே குறுகி, தேன்கூடு தொங்குவதைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தன. ரீடெய்னர்கள் இரும்பு. பழைய சில்லறைக் காசு மாதிரி மங்கலாக இருந்தன. திரும்பி வரும் வழியெல்லாம் நான் விடவில்லை.

"அந்த நீலக் கலரு நல்லாருந்துச்சும்மா. எல்லாரும் அதத்தான் போடறாங்க."

"ரெட்டை ஸ்பிரிங் கெட்டிதான், இல்லன்னு சொல்லல" என்றார் அம்மா, சாலையைப் பார்த்தபடி. "ஆனா அது வால்வ மட்டுமா அமுக்கும்? கேம அமுக்கும், ராக்கர அமுக்கும். ஓடறப்பயும் அமுக்கும், சும்மா நிக்கறப்பயும் அமுக்கும். என் எஞ்சினுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ போதும்."

"டைட்டேனியம் லேசு."

"லேசுதான். அத வேணாங்கல. அடிக்கடி கழட்டித் தேஞ்சிருக்கான்னு பாக்கணும். இது மேல குறுகிப் போவுது பாரு, அதனால தொப்பியும் சின்னது. இரும்பா இருந்தாலும் லேசாத்தான் வரும். ஓட்டம் முடிஞ்சா திங்கக்கிழம நான் இதே காடியிலதான் வேலைக்குப் போவணும்."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். பல்லு அவங்களுது."

நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் தன் பட்டறையிலிருந்து ஒரு துளைபோடும் இயந்திரத்தின் தாங்கியை அம்மா இரவல் வாங்கி வந்தார். அதன் அடித்தட்டில் நாங்கள் ஏறி நின்று எடை பார்க்கும் தராசை வைத்து, தராசின்மேல் ஒரு ஸ்பிரிங்கை நிறுத்தி, கைப்பிடியை இறக்கி அமுக்குவார். குறிப்பிட்ட உயரத்துக்கு அமுக்கினால் தராசு எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். என்னை வந்து தராசைப் படிக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். நீலக் கலர் வாங்காத எஞ்சினுக்கு என்னுடைய உதவி கிடையாது என்பது என் கொள்கை. வேலை முடிந்து வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் முட்டிபோட்டுக் குனிந்து படித்தார். "முப்பத்தி ரெண்டு… முப்பத்தி ரெண்டு… இது இருவத்தி எட்டு." அம்மா அந்த இருபத்தெட்டைத் தனியாக வைத்தார். பதினாறில் மூன்று தனியே போயின.

அடுத்த சனிக்கிழமை அம்மா அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குத் திரும்பப் போனார். இதுவரை யாரும் இப்படி அளந்து கொண்டுவந்து கேட்டதில்லை என்றாராம் விற்பனைக்காரர். "இப்ப கேட்டாச்சில்ல" என்று சொல்லி, கல்லா மேசையிலேயே நின்று ஆறு பெட்டியைப் பிரிக்க வைத்து, ஒத்துவரும் மூன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

பிறகு இடைவெளி பார்க்கும் வேலை. வால்வு முழுதாகத் திறக்கும்போது ஸ்பிரிங் நன்றாக அமுங்கும். அப்போதும் சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் கட்டையாகிவிடும். கட்டையை அமுக்க முடியாது, ஆனால் கேம் விடாமல் அமுக்கும், அப்போது எது பலவீனமோ அது உடையும். அம்மா பதினாறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கணக்கையெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து நாள்காட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். எதிர் வீட்டு ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, பொம்பளப் பிள்ளைய வச்சிக்கிட்டு இது என்ன கூத்து என்று கேட்டார். அம்மா நிமிராமலே, "பொம்பளப் பிள்ள பாக்கட்டும்னுதான்" என்றார். நான் அப்போது வீட்டுக்குள்ளே வேண்டுமென்றே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் செய்தி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. சிற்றுண்டிச்சாலையில் தர்ஷினி மீ கோரேங் நூடுல்ஸ் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கூட நான்கைந்து பேர்.

"எங்கண்ணன் ரெட்டை ஸ்பிரிங், டைட்டேனியம் போட்டிருக்கான். உங்கம்மா என்னா போட்டிருக்காங்க?"

ஒற்றை ஸ்பிரிங், இரும்பு. இரண்டு வார்த்தைதான். நாக்கு நுனிவரை வந்தது. எல்லாருடைய முகத்திலும் சிரிப்பு தயாராக இருந்தது. பல்லு அவங்களுது என்று சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய துணிச்சல் ஒன்று வந்தது.

"டைட்டேனியம்தான். ஜப்பான்லேந்து வந்தது. உங்கண்ணனோடதவிட டபுள் கெட்டி. எங்கம்மாவ ரசம் வைக்கச் சொன்னாருல்ல, ரேஸ் அன்னிக்குப் பாரு."

தர்ஷினியின் மீ கரண்டியிலேயே நின்றது. என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு நன்றாக நான் எதையும் சொன்னதில்லை. ஓட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் வந்து, தன் அண்ணன் இன்னும் கெட்டியான ஸ்பிரிங்கை ஒரு நண்பரிடமிருந்து வாங்கி அவசர அவசரமாக மாட்டிவிட்டதாகச் சொன்னாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பயந்துவிட்டார்கள்.

ஓட்டம் நடந்தது ஞாயிறு காலை, பத்தாங் காலிக்குப் போகும் வழியில், தொழிற்சாலை கட்டுவதற்கென்று போட்டு யாரும் கட்டாமல் விட்ட ஒரு நேர்ச்சாலையில். கூடாரம், அம்புலன்ஸ் வண்டி, நேரம் காட்டும் மின்பலகை எல்லாம் இருந்தன. ஒவ்வொரு காரும் தனித்தனியாக இரண்டு முறை ஓட வேண்டும். இரண்டில் எது வேகமோ அதுதான் கணக்கு. பெண் என்று அங்கே கார் ஓட்ட வந்திருந்தவர் அம்மா ஒருவர்தான். வேலைக்குப் போடும் நீலச் சட்டையைத்தான் அன்றைக்கும் போட்டிருந்தார். ஹெல்மெட் அப்பாவின் நண்பருடையது.

வரிசையில் பிரகாஷின் கார் எங்களுக்கு அடுத்து நின்றது. எஞ்சின் முடுக்கப்பட்டதும் அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு இறங்கி அந்தக் காரின் அருகே போனார்.

"தம்பி, சத்தம் சரியில்ல. புது ஸ்பிரிங்கா? உயரம் அளந்தியா? சுருள் முட்டற மாதிரி இருக்கு. இப்பிடியே விட்டா உடைஞ்சிரும்."

பிரகாஷ் சிரித்தார். "என்னாக்கா, பயமா? உங்ககிட்டயும் டைட்டேனியம், என்கிட்டயும் டைட்டேனியம். ஓடிப் பாத்திருவோம்."

"என்கிட்டயா?" என்றார் அம்மா. "யாரு சொன்னா?"

அதற்குள் கொடிக்காரர் பிரகாஷைக் கூப்பிட்டுவிட்டார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். நான் செய்தது தப்பு என்று தோன்றவில்லை. மாட்டிக்கொள்வேனோ என்றுதான் தோன்றியது.

முதல் சுற்றில் பிரகாஷ் அம்மாவை மயிரிழையில் முந்தினார். அவருடைய ஆட்கள் கூவினார்கள். அம்மா காரைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தி, முன்மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் குடித்தார். அப்பா ஒரு அட்டையால் எஞ்சினுக்கு விசிறினார். அதனால் எஞ்சினுக்கு என்ன பயன் என்று தெரியவில்லை, ஆனால் அவரால் சும்மா நிற்க முடியவில்லை.

இரண்டாவது சுற்றில் அம்மா முதலில் போனார். கியர் மாற்றும்போது எஞ்சினின் குரல் எங்கேயும் தடுக்காமல் ஏறியதை இப்போதும் என்னால் கேட்க முடியும். மெல்லிய நேரான குரல். மின்பலகையில் எண் வந்ததும் அப்பா என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது. பிரகாஷின் நேரத்தை அம்மா முந்திவிட்டார். இனி பிரகாஷ்தான் அதை முந்த வேண்டும்.

பிரகாஷ் கிளம்பினார். மூன்றாவது கியரில், யாரோ தகரத் தட்டை சிமெண்டுத் தரையில் எறிந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. கார் குரல் இல்லாமல் உருண்டு போய் நின்றது.

அம்மா வென்றார் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் குதித்தேன். ஆனால் அம்மாவைச் சுற்றிக் கூடியவர்கள் பேசிக்கொண்டது வேறு மாதிரி இருந்தது. அவன் காடி உடையாட்டி கதையே வேற என்றார் ஒருவர். இன்னொருவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அக்கா ஜப்பான் டைட்டேனியம் போட்டிருக்குலா. காசக் கொட்டி அது மாட்டிட்டா யாரு ஓட்டினாலும் ஓடும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. என் பொய் பத்தாங் காலி வரை வந்து வேலை செய்கிறதே என்று. அப்போதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். தோற்றவருடைய முகம் அது.

"யாரு சொன்னா?" என்று அம்மா இரண்டாம் முறை கேட்டார். பிறகு கார்ப் பின்பெட்டியைத் திறந்து சாவிகளை எடுத்தார். கொதிக்கிற எஞ்சினின் மேல்மூடியைத் திருகாணி திருகாணியாகக் கழற்ற ஆரம்பித்தார். சூடு தாங்காமல் இரண்டு முறை விரலை வாயில் வைத்தார். ஆறட்டும் என்றார் அப்பா. "ஆறினா இவங்க போயிருவாங்க" என்றார் அம்மா. மூடி வந்தது. ராக்கர்களுக்கு அடியில் அந்த ஒற்றை ஸ்பிரிங்குகள் எண்ணெயில் நனைந்து வரிசையாக நின்றன.

உடைந்த காரையும் அதற்குள் தள்ளிக்கொண்டு வந்து, அதன் மேல்மூடியைத் திறந்திருந்தார்கள். ராக்கர் ஒன்று இரண்டாக முறிந்து கிடந்தது. அம்மா சட்டைப் பையிலிருந்து, விழுந்த ஆணி பொறுக்கும் காந்தக் குச்சியை எடுத்து, பிரகாஷின் நீல ரீடெய்னர் ஒன்றின்மேல் வைத்தார். அது பிடிக்காமல் வழுக்கியது. டைட்டேனியம் காந்தத்துக்கு ஒட்டாது. பிறகு தன் எஞ்சினுக்கு வந்து வைத்தார். டக்கென்று ஒட்டியது. அடுத்ததில் வைத்தார். டக். பதினாறிலும் வைத்தார். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தது. கிளப்பைச் சேர்ந்த ஒரு வயதான மலாய்க்காரர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, தானும் கணக்கு எண்ணினார்.

"இரும்பு" என்றார் அம்மா. "ஒத்த ஸ்பிரிங்கு. கிள்ளான்ல யார் வேணா வாங்கலாம். பதினாறையும் நான் அளந்தேன். என் கையால மாட்டினேன். வேற ஒண்ணும் கிடையாது."

பிரகாஷ் அழுதுவிடுவார் போல நின்றுகொண்டு, "அப்ப எதுக்குக்கா டைட்டேனியம்னு சொன்னீங்க? அதக் கேட்டுத்தான் நான் அவசரமா மாத்தினேன்" என்றார்.

"நான் எப்ப சொன்னேன்?"

"உங்க மக சொன்னான்னு தங்கச்சி சொன்னா."

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்து நான் என் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். கோபம் இல்லாததால் என் முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி ரொட்டி சானாய் சொன்னார்கள். அப்பா வெற்றிக் கோப்பையைக் கையில் எடுத்துச் சந்தோஷமாக இருக்க முயன்றார். அம்மாவின் இரண்டு விரல்கள் கொப்பளித்திருந்தன. நான் அடி விழும் என்று காத்திருந்தேன். விழாததால் நானே ஆரம்பித்தேன்.

"அவரு உங்கள அப்பிடிச் சொன்னாருல்ல. நான் உங்களுக்காகத்தான் சொன்னேன். அவருகிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்."

"கேக்க வேணாம்" என்றார் அம்மா. விரல்களை ஊதிக்கொண்டே, "இரும்புன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சா?" என்றார்.

"வெக்கம் இல்ல. அவ சிரிச்சிருப்பா."

அம்மா தலையை ஆட்டினார். பிறகு ரொட்டியைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தார். நான் தண்டனையில் தப்பித்துவிட்டதாக எண்ணி இன்னொரு ரொட்டி கேட்டேன். வாங்கிக் கொடுத்தார்.

மறுவாரம் பிரகாஷ் தன் எஞ்சின் தலையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். தவுக்கே எழுந்து வாங்கப் போனார். பிரகாஷ் கொடுக்காமல், அக்காவைக் கூப்பிடுங்கள் என்றாராம். அம்மா தகரத் தடுப்பைத் தாண்டி வந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார், ஸ்பிரிங் எதுவென்று நான்தான் தேர்ந்தெடுப்பேன், சம்மதமென்றால் வைத்துவிட்டுப் போ, இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு போ என்று. பிரகாஷ் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதற்குப் பிறகு தடுப்புக்குப் பின்னால் போகவில்லை. தன் மேசையைத் தானே இழுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். தவுக்கே ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு, பிறகு மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்.

நான் இந்தக் கதையைப் பள்ளியில் வருடக்கணக்கில் சொன்னேன். என் கதையில் அம்மாவின் வெற்றியில் எனக்குப் பாதிப் பங்கு இருந்தது. ஒரே ஒரு பொய்யால் எதிரியின் எஞ்சினை உடைத்த கெட்டிக்காரி நான். இடைநிலைப் பள்ளியிலும் சொன்னேன். கல்லூரியில்கூடச் சொன்னதாக ஞாபகம். அம்மா அருகில் இருக்கும்போது சொன்னால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார். தற்பெருமை பிடிக்காதவர் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மாவை நம்பாதவர்கள் யார் யார் என்று அந்த வயதில் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தவுக்கேயின் வாடிக்கையாளர்கள். கிள்ளான் கடைக்காரர். எதிர் வீட்டு ஆன்ட்டி. பிரகாஷ். அத்தனை பேரையும் எதிர்த்து அம்மாவின் பக்கம் தனியாக நின்று சண்டை போட்டேன் என்றுதான் நம்பினேன். அவர்கள் எல்லாரும் அம்மாவுடைய வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. ஐந்து வாரமும் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தபிறகும் அது போதாது என்று நினைத்த ஒரே ஆள் யார் என்று, ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்த அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.